திரும்பாத தூக்குவாளி

சென்ற வாரம் நாம் பொன்னுதுரையின் வீட்டை விட்டு வந்தபோது அங்கே யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான் விடிந்தது.

பேச விஷயம் இல்லாமல் இல்லை. ஊரே பேசிக்கொண்டிருந்தது. காஜா பேராங்கில் கோப்பிக் கடை, குழாயடி, பஸ் நிற்கும் இடம் என்று எங்கே போனாலும் பேச்சு ஒன்றுதான். நகராண்மைக் கழக உறுப்பினரும் இந்தியர் பந்தாட்டச் சங்கத்தின் தலைவருமான பொன்னுதுரை லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டக்காரனைக் குழுவில் சேர்த்துவிட்டாராம்.

என்ன வாங்கினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பித்தளைத் தூக்குவாளி மூடியபடி அவர் வீட்டுக்குள் போனதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கொண்டுபோனவள் புக்கிட் பாருவில் மாடு வைத்துப் பால் ஊற்றும் அஞ்சலை. அந்த வாரக் கடைசியிலேயே அவள் மகன் மருதமுத்து சங்கத்தின் முதல் கோல்காவலனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். தேர்வுக் குழுவில் கடைசிக் கையெழுத்து பொன்னுதுரையுடையது. உள்ளே போன தூக்குவாளியோ இன்றுவரை வெளியே வரவில்லை.

ஊருக்கு இது போதாதா?

பொன்னுதுரை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் பம்ளிமாஸ் காயை உதைத்து விளையாடியதைப் பார்த்து, தன் சம்பளத்தில் ஒரு தோல்பந்து வாங்கிப் போட்டார். பந்து வந்ததும் பால்மரக் காட்டில் ஆட்கள் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று வெள்ளைக்கார மேலாளர் சத்தம் போட்டபோது, வேலையை விட்டுவிட்டுப் பந்தோடு டவுனுக்கு வந்துவிட்டார்.

மக்கள் ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பலாம் என்று முதல் தேர்தல் வந்தபோது, சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு ஜெயித்தார். சந்துக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது அவரால். தவளை கத்திக்கொண்டிருந்த சேற்று நிலத்தை நகராண்மைக் கழகத்திடம் மல்லுக்கட்டி வாங்கி, செம்மண் கொட்டித் திடலாக்கியதும் அவர்தான். திடலுக்கு முதல் கூடை மண் சுமந்தது அவர் மனைவி சிவகாமசுந்தரி. பதினான்கு வயது மகள் ஜெயா பின்னாலேயே ஒரு சட்டியில் மண் கொண்டுபோனாள்.

அந்தத் திடலில் வளர்ந்த குழு மெர்டேக்கா என்ற சுதந்திர விழாவை ஒட்டிக் கோலாலம்பூரில் நடக்கும் கிண்ணப் போட்டிக்குப் போகப் போகிறது. அடுத்த மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் அடையும்போது, தம் பிள்ளைகளைத் தாமே முன்னால் நடத்திக்கொண்டு போவதாக அவர் கனவு கண்டிருந்தார்.

இன்று காலை திடல் கொட்டகையில் விசாரணை. குற்றம் உண்டு என்று முடிந்தால் தலைவர் பதவி போகும். அடுத்த தேர்தலுக்குக் கட்சி அவர் பெயரை இன்னும் அறிவிக்கவில்லை. விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதவி போனால் போகட்டும் என்று பொன்னுதுரையால் இருந்துவிட முடியும். ஆனால் ‘கை சுத்தமான மனுஷன்’ என்ற ஒரு பேரைத் தவிர அவர் வேறு எதையும் சம்பாதிக்கவில்லை. அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

லஞ்சப் புகார் வந்தது அவருக்கு முன்பே தெரியும்; ஆனால் தூக்குவாளி விஷயம் அவர் காதுக்கு நேற்று மாலைதான் எட்டியது. ஊர் வம்பு சம்பந்தப்பட்டவன் வீட்டுக்குக் கடைசியில்தானே வரும்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் சமையலறை வாசலுக்கு வந்தார். சிவகாமசுந்தரி அதே தூக்குவாளியைத்தான் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பொன் மாதிரி மின்னியது.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது சிவகாமியின் சட்டம். திருப்பிக் கொடுக்கத் தாமதிக்கவும் கூடாது. பக்கத்து வீட்டு ஷரீஃபா ஒரு தட்டில் குவே பலகாரம் கொடுத்தனுப்பினால், பொழுது சாய்வதற்குள் அந்தத் தட்டு முறுக்கோடு திரும்பிப் போய்விடும். காஜா பேராங்கில் யார் வீட்டுக் கிண்ணமும் அவள் வீட்டு அலமாரியில் இரவு தங்கியதில்லை.

அப்படிப்பட்டவள் அஞ்சலையின் தூக்குவாளியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறாள்?

அதையேதான் பொன்னுதுரை கேட்டார்.

“சாயங்காலம் சொல்றேங்க. போயிட்டு வாங்க,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

“இப்பவே சொல்லு சிவகாமி. அங்க என்னைக் கேப்பாங்க.”

“கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதுதானே?”

நகராண்மைக் கழகத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளைக் கேள்வி கேட்டே திணறடித்தவருக்குத் தன் வீட்டுச் சமையலறையில் அடுத்த கேள்வி கிடைக்கவில்லை.

ஜெயா கோப்பியை மேசைமேல் வைத்தாள். தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் அவள். எப்போதும் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்புகிறவள், இன்று நிமிர்ந்தே பார்க்காமல் பின்பக்கம் போய்விட்டாள்.

அவர் கோப்பியைக் குடிக்காமலே கிளம்பினார்.

* * *

திடல் கொட்டகையில் உட்கார இடம் இல்லை. துத்தநாகத் தகரக் கூரையின்கீழ் நின்றவர்கள் போக மிச்சப் பேர் வெயிலில் நின்றார்கள். ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்களிலிருந்தும் தள்ளி, கோல் கம்பத்தில் சாய்ந்து மருதமுத்து தனியாக நின்றான். பஸ் கம்பெனி பட்டறையில் பிட்டராக இருப்பவன். உயரமான பையன். இன்று தோள்கள் குறுகிப் போயிருந்தன.

விசாரணைக்குத் தலைமை ஏற்றவர் சங்கத்தின் துணைத் தலைவர் கபீர் ராவுத்தர். முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பொன்னுதுரையும் அவரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கிய சிநேகிதர்கள். அதனாலேயே இன்று அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தார்.

புகார் கொடுத்தவர் செயலாளர் கலியாணசுந்தரம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவருடைய அக்கா மகன்தான் மருதமுத்துவுக்கு அடுத்த கோல்காவலன். அதைச் சொல்லி அவரை மட்டமாகப் பேசியவர்களும் உண்டு. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கலியாணசுந்தரம் பொய் பேசுகிறவர் அல்ல. மனதில் தப்பு என்று பட்டால் தம்பியாக இருந்தாலும் விடமாட்டார்.

அவர் எழுந்து, தாம் பார்த்ததை மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை தூக்குவாளி போனது. ஞாயிற்றுக்கிழமை மருதமுத்து தேர்வானான். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்றார்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு கோல்காவலர்களும் ஏறக்குறையச் சமம்தானே, பிறகு ஏன் மருதமுத்து என்று ராவுத்தர் கேட்டார்.

பொன்னுதுரைக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவர் குரல் நிமிர்ந்தது.

“மத்தவன் பந்தைப் பார்க்கிறான். மருதமுத்து உதைக்கிறவன் இடுப்பைப் பார்க்கிறான். பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே இவன் கிளம்பிடுறான். அதை யாரும் சொல்லிக் கொடுக்கல, அவனாவே கத்துக்கிட்டான்.”

ஆட்டக்காரர்கள் தலையாட்டினார்கள். கலியாணசுந்தரத்தின் அக்கா மகனும் தலையாட்டினான். ஆட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் நல்ல பையன்.

பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டார்கள்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் போனபிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, ஒரு கன்றுக்குட்டி வாங்கி, அதைப் பெருக்கித் தொழுவமாக்கி மகனை வளர்த்தவள். கூட்டத்தைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை.

தூக்குவாளியில் என்ன கொண்டுபோனாய் என்று ராவுத்தர் கேட்டார்.

“சீம்பாலுங்க. மாடு கன்னு போட்டிருந்துச்சு. வெல்லம் தட்டிப் போட்டு அவிச்சுக் கொண்டுபோனேன்.”

“அதைத் தலைவர் வீட்டுக்கு மட்டும் ஏன் கொடுத்தே?” என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சீம்பாலை யாராச்சும் விப்பாங்களா வாத்தியாரே? வித்தா மடி வத்திப் போயிடும். வாடிக்கை வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறதுதான் முறை. ராவுத்தர் வீட்டுக்கும் கொடுத்தேன். உங்க வீட்டுக்கும் கொடுத்தேன். இனிப்புப் பத்தலைன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்க.”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. வெயிலில் நின்றவர்கள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களும் ஒரு முறை சிரித்தார்கள். ராவுத்தரின் கல்முகமும் கொஞ்சம் உடைந்தது. அப்படியென்றால் விசாரிக்கிறவரையும் புகார் கொடுத்தவரையும் சேர்த்தல்லவா விசாரிக்க வேண்டும் என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

கலியாணசுந்தரம் மறுக்கவில்லை. தாமும் சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“எங்க வீட்டுத் தூக்கு அன்னிக்கே தேங்காயோட திரும்பிப் போச்சு. ராவுத்தர் வீட்டுதும் போயிருக்கும். தலைவர் வீட்டுது மட்டும் ஏன் இன்னும் போகல? பாத்திரத்தை வெச்சுக்கிட்டா, கொடுக்கல் வாங்கல் இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்?”

யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நியாயமான கேள்வி என்று ஆண்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

ராவுத்தர் அஞ்சலையைப் பார்த்தார். இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவள் இப்போது தரையைப் பார்த்தாள்.

“அது எனக்கும் தெரியலீங்க,” என்றாள். “பெரிய வீடு. மறந்திருப்பாங்க.”

லஞ்சம் என்ற சொல்கூடப் பொன்னுதுரையை இவ்வளவு சுட்டதில்லை. ‘பெரிய வீடு’. லயத்துப் பிள்ளைகளோடு சேற்றில் உருண்டு பந்தாடிய மனிதரின் வீடு எப்போது பெரிய வீடானது? தம் வீட்டுப் படியில் ஒரு ஏழைத் தாய் இத்தனை நாளாக மனக்குறையோடு பால் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள், அது தமக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அவர் எழுந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அது உண்மையும்கூட. சிவகாமி சொல்லி அனுப்பியதும் அதைத்தான்.

“காலையில என் மனைவியைக் கேட்டேன். சாயங்காலம் சொல்றேன்னாங்க,” என்றார். “எனக்குத் தெரிஞ்சதும் உங்களுக்கும் தெரியும். அது எதுவா இருந்தாலும் சரி, நானே வந்து சொல்றேன்.”

ராவுத்தர் தம்மோடு விசாரணைக்கு உட்கார்ந்திருந்த இருவரோடு குனிந்து பேசினார். சீம்பாலை லஞ்சம் என்று எந்த ஊர் நியாயமும் சொல்லாது என்று அறிவித்தார். தீர்ப்பை மாலையில் எழுதிக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவன் பந்தைத் திடலுக்குள் உதைத்தான். கம்பத்தில் சாய்ந்திருந்த மருதமுத்துவை நோக்கி இன்னொருவன் வேண்டுமென்றே ஓங்கி அடித்தான். அவன் நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டு, செம்மண் அப்பிய முழங்கையோடு எழுந்தான். எழுந்தபோது தோள்கள் பழையபடி விரிந்திருந்தன.

பொன்னுதுரையின் நெஞ்சு நிறைந்தது. இவனை எடுத்ததற்காக நூறு விசாரணை வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது.

* * *

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கொடுத்து அனுப்பி முடிக்கவே வெயில் தாழ்ந்துவிட்டது. கட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, தேர்தல் விஷயத்தில் இனிக் கவலை இல்லை என்று கை குலுக்கிவிட்டுப் போனார். கடைசி ஆளும் போனபிறகு பொன்னுதுரை சமையலறைக்குள் போய் மணைப்பலகையில் உட்கார்ந்தார்.

தூக்குவாளி அடுப்பு மேடைமேல் இருந்தது. அதற்குள் மஞ்சள் கொம்பு, வெற்றிலை பாக்கு, ஒரு முழுத் தேங்காய், மேலே ஒரு பந்து மல்லிகை.

பார்த்த உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் மனைவி வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

“ஜெயாவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு,” என்றாள் சிவகாமி.

மகள் எதுவும் சொல்லவில்லையாம். தாய்க்குச் சொல்லவா வேண்டும்? பந்தாட்டம் என்றால் கொட்டாவி விடுகிற பெண் திடீரென்று ஆட்டம் தவறாமல் அம்மாவோடு திடலுக்கு வந்தாளாம். பந்து அந்தக் கோடியில் கிடந்தபோதும் அவள் கண் இந்தக் கோடிக் கம்பத்திலேயே இருந்ததாம். அஞ்சலை சீம்பால் கொண்டுவந்த வெள்ளிக்கிழமையன்று, ‘இந்தத் தூக்கை நான் கழுவுறேம்மா’ என்று ஜெயா வாங்கிப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாளாம்.

“அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தூக்கு வெறும் தேங்காயோட போகக் கூடாது, தாம்பூலத்தோட போகணும்னு எடுத்து வெச்சேன்.”

“தேர்வுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

சிவகாமி அவரை நேராகப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா அவனை எடுத்திருக்க மாட்டீங்க. மருமகனாகப் போறவன்னு ஒதுக்கி வெச்சிருப்பீங்க. உங்க பேரு சுத்தமா இருந்திருக்கும். அந்தப் பையன் வீட்டுல உக்கார்ந்திருப்பான். நம்ம பொண்ணுக்குப் பிடிச்சது அவன் குத்தமா?”

அவள் சொன்னது நிஜம். பொன்னுதுரை அதைத்தான் செய்திருப்பார். செய்துவிட்டு, பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருப்பார்.

அறைக் கதவோரம் ஜெயா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகவும், இதோடு எல்லாம் முடிந்துவிடட்டும் என்றும் சொன்னாள். அப்பா பேருக்கு முன்னால் இது பெரிதில்லையாம்.

“அவன்கிட்ட பேசியிருக்கியாம்மா?”

“இல்லப்பா. ஒரு தடவை சிரிச்சேன்.”

“அவன்?”

“பந்தை விட்டுட்டாரு.”

போன மாதம் சுங்கை பத்து குழுவோடு நடந்த பயிற்சி ஆட்டம் பொன்னுதுரைக்கு நினைவு வந்தது. அப்படி ஒரு லேசான பந்தை இவன் எப்படி விட்டான் என்று அன்று இரவு முழுக்க யோசித்திருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

சிரிப்பு நின்றதும் சிவகாமி ஒரு வழி சொன்னாள். மெர்டேக்கா முடியட்டும், பிள்ளைகள் ஜெயித்து வரட்டும், பிறகு போய்ப் பேசலாம், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். நல்ல யோசனைதான். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள்.

“நானே வந்து சொல்றேன்னு சொல்லிட்டேனே சிவகாமி,” என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டார்.

* * *

ராவுத்தரின் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு, அவரும் செயலாளர் கலியாணசுந்தரமும் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி. பொன்னுதுரை உட்காரவில்லை. நின்றபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தார்.

ராவுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதைச் சொல்லணுமா துரை?” என்றார் ராவுத்தர். “நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது? மெர்டேக்கா முடிஞ்சு பொண்ணு பேசினா ஊரே வந்து வாழ்த்திட்டுப் போகும்.”

“ஊர் வாழ்த்தும் கபீர். வாத்தியார் காலையில கேட்ட கேள்விக்கு அப்ப யாரு பதில் சொல்றது?”

கலியாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பொன்னுதுரை தம் முடிவைச் சொன்னார். இனித் தேர்வுக் குழுவில் தாம் இல்லை. தலைவர் நாற்காலியும் கிண்ணப் போட்டி முடியும்வரை ராவுத்தரிடமே இருக்கட்டும். கோலாலம்பூருக்குக் குழுவை அவரே நடத்திப் போகட்டும். மருதமுத்துவுக்குப் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறார். நாளை மாலை இரண்டு கோல்காவலர்களையும் மறுபடி நிறுத்த வேண்டும். பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் கலியாணசுந்தரம்.

“என் அக்கா மகனும் நிக்கிறானே,” என்றார் கலியாணசுந்தரம். குரல் சற்றுக் கம்மியிருந்தது. “என்னை நம்புறீங்களா?”

“என் முகத்துக்கு நேரா புகார் கொடுத்த ஆளு நீங்க. உங்களை நம்பாம வேற யாரை நம்புறது வாத்தியாரே?”

கலியாணசுந்தரம் எழுந்து நின்றார். அவர் நன்றி சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நாளை தாமே பந்தை எண்ணி வாங்கி வைப்பதாகவும், திடல் கோட்டைப் புதுசாகப் போடச் சொல்வதாகவும் மட்டும் சொன்னார். அவருக்கு அது ஒரு வணக்கம் மாதிரி.

தாம் மண் கொட்டிய திடல், தாம் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். மெர்டேக்காவன்று அவர்கள் நடந்து போகும்போது தாம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு, கடைப் படியிறங்கும்போது ஒரு முறை குத்தத்தான் செய்தது. ஆனால் முச்சந்தி தாண்டுவதற்குள் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

வீட்டு வாசலில் சிவகாமி பட்டுச் சேலை கட்டி, கையில் தூக்குவாளியோடு காத்திருந்தாள். கணவர் என்ன முடிவெடுப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

அவர் தூக்குவாளியைத் தம் கையில் வாங்கினார். மூடியைக் கழற்றி வாசற்படியில் வைத்தார்.

“மூடியபடி வந்துச்சுன்னுதானே பேசினாங்க. திறந்தபடி போகட்டும்.”

நகராண்மைக் கழக உறுப்பினர் கையில் பாத்திரம் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்ததை காஜா பேராங் அதுவரை கண்டதில்லை. கோப்பிக் கடையில் பேச்சு நின்றது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. தேங்காயும் மஞ்சளும் மல்லிகையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. ஷரீஃபா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிவகாமியைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். பூவுக்கு எந்த மொழியும் தேவையில்லையே.

புக்கிட் பாருவில் அஞ்சலையின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாலைக் கறவை நடந்துகொண்டிருந்தது. மருதமுத்து கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். வந்தவர்களைக் கண்டதும் கயிற்றை விட்டான். கன்று தாயிடம் ஓடியது.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தூக்குவாளிக்குள் பார்த்தாள். சிவகாமி விஷயத்தைச் சொன்னாள். மறக்கவில்லை என்றும், மனக்குறை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். பொன்னுதுரை ராவுத்தர் கடையில் நடந்ததைச் சொன்னார்.

கேட்கக் கேட்க அஞ்சலையின் கண் நிரம்பியது. ஆனால் கை நீளவில்லை.

“உங்க வீட்டுப் பொண்ணு என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் கொடுத்து வெச்சிருக்கணும்,” என்றாள். “ஆனா இன்னிக்கு இதை வாங்க மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு எம்மவன் அந்த வாத்தியார் கண்ணு முன்னாடி நின்னு ஜெயிக்கட்டும். தாம்பூலம் வாங்கிட்டுப் போய் நின்னான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. அதுக்கப்புறம் நானே வந்து வாங்கிக்கிறேன்.”

“நாளைக்குத் தோத்துட்டா?” சிவகாமிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அஞ்சலை மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கன்றின் கயிற்றை மறுபடி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். தோளை மட்டும் நிமிர்த்திக்கொண்டான்.

“தோத்தா தோத்தவனா வந்து உங்க வாசல்ல நிப்பான்,” என்றாள் அஞ்சலை. “பொண்ணு வேணும்னா கேப்பான். பந்தும் பொண்ணும் வேற வேறதானுங்களே.”

அவள் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

வந்த வழியே அதே தெருக்கள், அதே கண்கள். தேங்காயும் மல்லிகையும் அப்படியே இருந்த தூக்குவாளியைப் பார்த்துக் கோப்பிக் கடையில் பேச்சு மறுபடி நின்றது. வாங்கவில்லையா, மறுத்துவிட்டார்களா என்று கிசுகிசுப்புக் கேட்டது. சிவகாமிக்கு முகம் சிறுத்தது. தூக்குவாளியைத் தான் வாங்கிக்கொள்வதாகக் கை நீட்டினாள்.

“வேண்டாம்,” என்றார் பொன்னுதுரை. “எங்கேயிருந்து வந்த பாத்திரம் தெரியுமில்ல? இப்படி ஒரு சம்பந்தி கிடைக்க நான் எத்தனை தேர்தல்ல ஜெயிக்கணும்? நானே தூக்கிட்டு வரேன்.”

வாசலில் ஜெயா நின்றிருந்தாள். நிறைந்தபடியே திரும்பி வரும் தூக்குவாளியைக் கண்டதும் அவள் முகம் வாடிப்போனது. பாத்திரத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தபோதுதான் குழம்பிப் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொன்னுதுரை படியில் கிடந்த மூடியை எடுக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்தபடியே மகள் கையில் கொடுத்தார்.

“தண்ணி தெளிச்சு வை, பூ வாடாம இருக்கட்டும்,” என்றார். “நாளைக்குச் சாயங்காலம் திடலுக்கு வந்துடு. ஆனா ஒண்ணு. ஆட்டம் முடியற வரைக்கும் சிரிக்காதே.”